சேம அச்சில் வெட்டிய கோல்

உப்பையும் நெல்லையும் சரிக்குச் சரியாக அளந்து மாற்றிக்கொண்ட காலம் அது. அப்போதும் ராஜாக்கள் இருந்தார்கள். ஆனால் இந்தக் கதைக்கு அவர்கள் தேவையில்லை. அரண்மனையில் நிம்மதியாகத் தூங்கட்டும். நீங்கள் எல்லாரும் என்னோடு கடற்கரைக்கு வாருங்கள். காலில் கொஞ்சம் உப்பு ஒட்டும், பரவாயில்லை.

கிழக்குக் கடலோரத்தில் ஓர் உப்பளம் இருந்தது. அங்கிருந்து உப்பை வண்டி வண்டியாக ஏற்றி, காடு தாண்டி, கணவாய் தாண்டி, மலைநாட்டுக்குக் கொண்டுபோகிற கூட்டம் ஒன்றும் இருந்தது. அந்த வண்டிக் கூட்டத்துக்குச் சாத்து என்று பேர். சாத்துக்குத் தலைவன் கொற்றன். முதல் வண்டியை ஓட்டுகிறவள் அவன் மனைவி நல்லினி.

கொற்றன் நல்லவன். வாக்குத் தவறாதவன். மாட்டுக் கயிறு பிடித்துப் பிடித்து இரும்பாகிப்போன கை அவனுக்கு. ஒரே ஒரு குறைதான், இரைப்பு நோய். மேட்டில் ஏறினால் நெஞ்சுக்குள் கொல்லன் துருத்தி ஊதுகிற சத்தம் கேட்கும்.

இதில் என்ன பெரிய கஷ்டம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். உப்பு வணிகர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. சாத்துத் தலைவன் எல்லா வண்டிக்கும் முன்னால் நடந்தே போக வேண்டும். வெயிலானாலும் நடை, மேடானாலும் நடை. 'மூட்டை மேல ஏறினவன் மூட்டைதான்' என்று அவர்களிடையே ஒரு பழமொழியே இருந்தது.

போன ஆண்டு கணவாய் ஏற்றத்தில் கொற்றனுக்கு மூச்சு முட்டியது. கண் இருட்டியது. வேறு வழியில்லாமல் வண்டியில் ஏறி உப்பு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். எல்லாரும் பார்த்தார்கள், அவ்வளவுதான். அந்தப் பார்வையே அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

அதோடு போயிற்றா? முன்னால் நடக்க ஆளில்லாமல் வண்டிகள் இறக்கத்தில் இறங்கியபோதுதான் கடுவன் வந்தான். கடுவன் கணவாய்க் கள்வன். மலைப்பாறைக்குக் கை கால் முளைத்தது போல் இருப்பான். அவனிடம் ஆயுதம் கிடையாது. எதிரில் வருகிறவன் ஈட்டியை நீட்டினால், அந்த ஈட்டியையே பிடித்து வெடுக்கென்று இழுப்பான். ஈட்டியும் வரும், அதோடு ஆளும் வருவான். அப்படிப் பிடுங்கிய ஈட்டிகளைத் தன் குகை வாசலில் வரிசையாகச் சார்த்தி வைத்திருந்தானாம். அன்று ஒரு வண்டி உப்பும் ஒரு சோடி மாடும் அவனோடு போயின.

ஊர் திரும்பியதும் சாத்துக்காரர்கள் கூடிப் பேசினார்கள். "இன்னும் ஒரு பயணம் பார்ப்போம் அண்ணே. அதுலயும் உக்காந்துட்டீங்கன்னா வேற ஆளைத்தான் பார்க்கணும்" என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். மரியாதையாகச் சொன்னது கொற்றனுக்கு இன்னும் வலித்தது.

இப்படி அவன் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்த தை மாதத்தில் துறைக்கு ஒரு சீனக் கப்பல் வந்தது. பட்டு வந்தது, பீங்கான் வந்தது. கூடவே ஒரு பெண் துறவியும் வந்து இறங்கினாள். நீலத் துணி உடுத்தியிருந்தாள். தலைமுடியை உச்சியில் கூட்டி, ஒரு மரக்குச்சியைச் செருகியிருந்தாள். கையில் இடுப்புயரத்துக்கு ஒரு கோல்.

அவள் பேர் நம் வாய்க்குள் அடங்காது. துறையில் எல்லாரும் சீனத்தம்மை என்று கூப்பிட்டார்கள். கப்பல் திரும்புவதற்கு மேற்குக் காற்று எழ வேண்டும். அதற்கு வைகாசி ஆகும். அதுவரை தங்குவதற்குத் துறையோரமாக ஒரு பனையோலைக் குடிசை போட்டுக்கொண்டாள். தமிழும் கற்றுக்கொண்டாள். எங்கே? மீன் சந்தையில். ஆகவே அவள் பேசிய தமிழில் 'எடு, வை, கழுவு, போ' என்பதைத் தவிர அதிகம் இல்லை. பெரியவர், சிறியவர் பார்க்காமல் எல்லாரையும் 'நீ' என்றாள். ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. மீன் சந்தைத் தமிழ் அப்படித்தான் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஒருநாள் விடியற்காலையில் கொற்றனின் வண்டி மாடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு கடற்கரையில் ஓடியது. வெள்ளைக்கொம்பன் என்ற அந்த மாட்டுக்கு மூக்குக்கு மேல் கோபம். அங்கே சீனத்தம்மை தன் கோலை மெல்லச் சுழற்றிக்கொண்டு நின்றிருந்தாள். மாடு நேராக அவளைப் பார்த்துப் பாய்ந்தது.

கொற்றன் கத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவள் ஓடவில்லை. ஓங்கவில்லை. ஓரடி விலகினாள். கோலின் நுனியை மாட்டின் விலாவில் வைத்து, வீட்டுக்கு வந்தவரை வாசல்வரை வழியனுப்புவது போல் லேசாகத் தள்ளினாள். மாடு தன் வேகத்திலேயே அவளைத் தாண்டிப் போய்க் கடலில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் திகைத்து நின்றது.

கொற்றன் ஓடிவந்து அவள் பக்கத்தில் நின்றான். ஒரு சுள்ளியை ஒடிக்கிற பலம்கூட அவளுக்குச் செலவாகவில்லை. அவள் மூச்சு துளியும் கூடவில்லை. அந்த மூச்சைப் பார்த்துத்தான் அவனுக்கு ஏக்கமே வந்தது.

"அம்மை, இது என்ன வித்தை?" என்று கேட்டான்.

"எங்க நெறி. தாவோ. உன் பேச்சுல சொன்னா, வழி" என்றாள் அவள்.

"எனக்கும் வழிதான் அம்மை பொழைப்பு" என்றான் கொற்றன். "எனக்கும் சொல்லிக் கொடுங்க."

அவள் அவன் நெஞ்சில் காது வைக்காமலே அந்தத் துருத்திச் சத்தத்தைக் கேட்டாள். "நாளைக்கு வா" என்றாள்.

மறுநாள் கொற்றன் சும்மா போகவில்லை. உப்பு வண்டிக்கு அடியில் ஒரு சேம அச்சு கட்டியிருப்பார்கள். நடுக்காட்டில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்கு. வண்டிக்காரனுக்கு அதுதான் உயிர். கருங்காலி மரத்தில் செய்த அந்த நீண்ட அச்சைத் தோளில் தூக்கிக்கொண்டு போனான். கோல் எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது என்பது அவன் கணக்கு. வியாபாரி அல்லவா, குறைவாக எதையும் வாங்கிப் பழக்கமில்லை.

அவள் அச்சை அவன் பக்கத்தில் நட்டு நிறுத்தினாள். அவன் தொப்புளுக்கு நேராக விரலால் ஒரு கோடு கிழித்தாள். பிறகு அரிவாளை எடுத்து அங்கேயே வெட்டிவிட்டாள்.

"உன் கோல் உன் உடம்பு அளவு. அடுத்தவன் அளவு இல்லை" என்றாள். வெட்டிய பாதியைச் சீவி வழவழப்பாக்கி அவனிடம் கொடுத்தாள். மிச்சப் பாதியைக் குடிசைக்குள் வைத்துக்கொண்டாள்.

வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். "நல்லா இருந்த சேம அச்சைப் போய் வெட்டிட்டு வந்து நிக்கிறீங்களே" என்றாள் நல்லினி. "நடுவழியில அச்சு முறிஞ்சா இந்தக் குச்சியைச் செருகி ஓட்டுறதா?" அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆகவே கொற்றன் குனிந்தபடி சாப்பிட்டான்.

அடுத்தாற்போல் அவன் சீனத்தம்மையிடம் கேட்டது அடி. "ஒரே அடியில ஆளைச் சாய்க்கிற அடி ஒண்ணு சொல்லிக் கொடுங்க." அவளோ அவனை வெறுமனே நிற்கச் சொன்னாள். முழங்காலைத் தளர்த்து என்றாள். தோளை இறக்கு என்றாள். மூச்சை நெஞ்சிலேயே நிறுத்தாமல் அடிவயிறு வரைக்கும் இறக்கு, பிறகு அவசரமில்லாமல் வெளியே விடு என்றாள். அவன் விறைப்பாக நின்றால் முகத்தைச் சுளித்து, "நேத்து மீன்" என்பாள். என்றைக்காவது சரியாக நின்றுவிட்டால், "துள்ளுது" என்பாள். அவளுக்குத் தெரிந்த தமிழில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

மாசி முழுதும் அவன் நேற்று மீனாகவே இருந்தான். பங்குனியில் கோல் அவன் கையில் சுழலத் தொடங்கியது. கோலுக்கு இரண்டு நுனி, இரண்டும் தலைதான், வால் கிடையாது என்று புரிந்தது. கையால் சுழற்றினால் வலிக்கிறது, இடுப்பு திரும்பினால் கோல் தானே வருகிறது என்று புரிந்தது. மூச்சை விடும்போது சுழற்றினால் களைப்பே இல்லை என்பதும் புரிந்தது. சித்திரை வந்தபோது ஒருநாள் மணல்மேட்டில் ஏறி உச்சியில் நின்றவன், ஏதோ ஒரு சத்தம் குறைகிறதே என்று யோசித்தான். துருத்திச் சத்தத்தைக் காணோம். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டான் பாவம். எத்தனை வருஷத்து மூச்சு அது.

உடம்பு தேறியதும் பழைய பயம் முன்னால் வந்து நின்றது. "பிடுங்குறவனை என்ன செய்யறது அம்மை?" என்று கேட்டான். கடுவனைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னான்.

சீனத்தம்மை அவன் கோலின் நுனியைப் பிடித்து இழுத்தாள். கொற்றன் இறுகப் பிடித்து எதிர்ப்பக்கம் இழுத்தான். அவள் சட்டென்று விட்டாள். அவன் மணலில் மல்லாந்து விழுந்தான். மறுபடி இழுத்தாள். மறுபடி இறுக்கினான். மறுபடி விழுந்தான். மூன்றாம் தடவையாவது சுதாரிப்பான் என்று நினைக்கிறீர்களா? இல்லை. மூன்றாம் தடவை இன்னும் பலமாக விழுந்தான்.

"இழுத்தா கொடு. எதுக்குப் பிடிக்கிற?" என்றாள் அவள்.

அவனுக்கும் தெரியத்தான் செய்தது. ஆனால் கை கேட்கவில்லை. சரக்கானாலும் கயிறானாலும், எவனாவது இழுத்தால் இறுக்கிப் பிடி என்றே பிறந்ததிலிருந்து பழகிய வணிகன் கை அது. நாளாக நாளாக அவன் விழுவதில்தான் தேறினான். சீனத்தம்மை ஒன்றும் திட்டவில்லை. 'நேத்து மீன்' என்றுகூடச் சொல்லவில்லை. அதுதான் அவனுக்குக் கவலையாக இருந்தது.

வைகாசி பிறந்தது. மேற்குக் காற்று எழுந்தால் சீனத்தம்மையின் கப்பல் புறப்பட்டுவிடும். அதே காற்றுதான் மலைநாட்டுக்கு மழை கொண்டுவரும். மழைக்கு முன்னால் கணவாயைத் தாண்டாவிட்டால் உப்பு கரைந்து வண்டியிலிருந்து வடிந்துவிடும். மலைநாட்டில் ஓர் ஆண்டு முழுதும் கஞ்சிக்கு உப்பிருக்காது. ஆகவே சாத்து அவசரமாகக் கிளம்பியது.

உப்பளத்திலிருந்து வண்டிகள் மணல்மேட்டைக் கடந்து சாலைக்கு இறங்க வேண்டும். சீனத்தம்மை வழியனுப்ப வந்து நின்றாள். முதல் வண்டியில் நல்லினி. சரிவில் வண்டி முன்னுக்குத் தள்ள, வெள்ளைக்கொம்பன் தலையை உதறித் திமிறினான். நல்லினி கயிற்றை இறுக்கவில்லை. உள்ளங்கையில் வழுகவிட்டாள், பிடித்தாள், வழுகவிட்டாள், பிடித்தாள். பின்னால் வருகிறவர்களுக்கும் குரல் கொடுத்தாள்: "விட்டுப் பிடி... விட்டுப் பிடி..."

சரிவில் எல்லா வண்டிக்காரர்களும் சொல்கிற வார்த்தைதான். சீனத்தம்மை கொற்றனிடம் அதற்கு அர்த்தம் கேட்டாள். அவன் கையால் சைகை காட்டி விளக்கினான். அவள் நல்லினியின் கையையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவள் தேசத்தில் மலைக்குகையில் ஆண்டுக்கணக்காகத் தவமிருந்து கற்கிற பாடத்தை இங்கே மாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"உன் வீட்டுலயே இருக்கு. போ" என்றாள் கொற்றனிடம். அவன் தலையை ஆட்டிவிட்டு நடந்தான். எங்கே புரிந்தது?

காடு தாண்டினார்கள். கணவாய் ஏற்றம் வந்தது. போன ஆண்டு மூச்சு முட்டிய இடம் வந்தது. பின்னால் வருகிறவர்கள் தலைவன் முதுகையே பார்த்தார்கள். கொற்றன் முழங்காலைத் தளர்த்தினான். தோளை இறக்கினான். மூச்சை அடிவயிறுவரை இறக்கி, அவசரமில்லாமல் விட்டு, கோலை ஊன்றி நடந்தான். உச்சிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தபோது இளவட்டங்களுக்குத்தான் மூச்சு வாங்கியது. "எங்கே, வாங்கப்பா" என்றான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்காக அவன் ஓர் ஆண்டு காத்திருந்தான்.

ஆனால் கணவாய்க்கு ஏற்றம் மட்டுமா, இறக்கமும் உண்டே. கடுவன் நிற்கிற இடம் இறக்கம்தான். கள்வன் என்றாலும் அறிவுள்ளவன். செங்குத்தான சரிவில் வண்டி இறங்கும்போது ஒவ்வொரு வண்டிக்காரனுடைய இரண்டு கையும் கயிற்றில் இருக்கும். கயிற்றை விட்டால் மாடும் போகும், வண்டியும் போகும். உதவிக்கு ஒருவரும் வர முடியாது. முன்னால் நடக்கிற தலைவன் ஒருவன்தான் மிச்சம்.

பட்டப்பகலில் பாதையை மறித்துக்கொண்டு கீழே நின்றான் கடுவன். மேலே பாறைகளில் அவன் ஆட்கள் கவண்கல்லோடு உட்கார்ந்திருந்தார்கள். கொற்றனின் கோலைப் பார்த்ததும் கடுவனுக்குச் சிரிப்பு வந்தது.

"போன தடவை மூட்டை மேல உக்காந்து வந்த. இந்தத் தடவை ஆடு மேய்க்க வந்தியா?" என்றான்.

கொற்றன் கோலை முன்னால் பிடித்து நின்றான். கடுவன் கையை நீட்டி அதன் நுனியைப் பற்றினான். பற்றிய வேகத்தில் இழுத்தான்.

கொற்றனின் கை பழையபடி இறுகியது. தோள் ஏறியது. மூச்சு நெஞ்சில் நின்றது. சரிவில் கால் சறுக்கியது. இன்னும் ஓர் இழுப்பில் அவனும் கடுவன் காலடியில் கிடப்பான். ஈட்டி வரிசையில் ஒரு குச்சியும் சேரும். நடந்து ஏறியதெல்லாம் வீணாகும். இது அவனுக்கே தெரிந்தது. தெரிந்தும் கை விடவில்லை.

அப்போது பின்னால் நல்லினியின் குரல் கேட்டது. அவள் அவனுக்குச் சொல்லவில்லை. அவள் கண் முழுதும் வெள்ளைக்கொம்பன்மேல் இருந்தது. சரிவில் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள், அவ்வளவுதான்.

"விட்டுப் பிடி... விட்டுப் பிடி..."

எத்தனை ஆண்டுகளாகக் கேட்ட குரல். கயிறு என்று நினைத்துக் கை தானாகவே தளர்ந்தது. நின்ற மூச்சு வெளியே வந்தது. கருங்காலிக் கோல் அவன் உள்ளங்கையில் வழுகிக்கொண்டு ஓடியது.

மலையையே இழுப்பதாக நினைத்து இழுத்தவனுக்கு, எதிரில் ஒன்றுமே இல்லாமல் போனால் எப்படியிருக்கும்? கடுவன் தன் பலம் முழுதையும் தன்மேலேயே வாங்கிக்கொண்டான். கால் பிசகி, சரளைக்கல்லில் மல்லாந்து விழுந்தான். விழும்போது தரையைத் தேடிய கை கோலை விட்டது. கொற்றன் மறுநுனியைப் பிடித்துக்கொண்டான். ஓரடி இறங்கி, கோலின் முனையைக் கடுவனின் தொண்டைக்குழியில் வைத்தான். அழுத்தவில்லை, வைத்தான்.

அவன் நெஞ்சில் சத்தமே இல்லை. வெள்ளைக்கொம்பனின் மணிச்சத்தம்தான் கேட்டது.

பாறைமேல் இருந்தவர்களைப் பார்த்துச் சொன்னான்: "கல்லைக் கீழ போடுங்கப்பா. உங்க ஆளுக்குக் கால் பிசகிடுச்சு. வைத்தியர் மலைநாட்டுலதான் இருக்கார். நானே கொண்டுபோய் விடுறேன்."

கற்கள் ஒவ்வொன்றாக விழுந்தன.

"ஏன் என்னை அடிக்கல?" என்று கேட்டான் கடுவன்.

"நான் எதுக்கு அடிக்கணும், நீதானே விழுந்த" என்றான் கொற்றன்.

கடுவனால் நடக்க முடியவில்லை. அவன் ஆட்களில் நாலு பேர் இறங்கி வந்து அவனைத் தூக்கி, முதல் வண்டியில் உப்பு மூட்டைகளுக்கு மேல் உட்கார வைத்தார்கள். கொற்றன் முன்னால் நடந்தான். அந்த ஆண்டு சாத்தில் மூட்டைமேல் ஏறிப் போனவன் ஒரே ஒருவன், கணவாயின் பெரிய கள்வன். மலைநாட்டுச் சந்தையில் உப்பை இறக்கும்போது அவனையும் சேர்த்து இறக்கினார்கள். உப்பு வாங்க வந்த பெண்கள், 'இந்த மூட்டை என்ன விலை' என்று கேட்டதாகச் சொல்வார்கள். அது உண்மையோ பொய்யோ, எனக்குத் தெரியாது.

அவர்கள் திரும்பி வந்தபோது கணவாயில் ஒருவரும் இல்லை. பிடுங்கிய ஈட்டிகள் எல்லாம் பாதையோரம் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

ஊருக்கு வந்ததும் கொற்றன் வீட்டுக்குக்கூடப் போகாமல் துறைக்கு ஓடினான். மேற்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. கப்பல் போய்விட்டிருந்தது. பனையோலைக் குடிசை காலியாகக் கிடந்தது. நடுத்தூணில் ஒரு கோல் சாய்ந்திருந்தது. கருங்காலி. சேம அச்சின் மிச்சப் பாதி. சீவி, வழவழப்பாக்கி, எண்ணெய் பூசி வைத்திருந்தாள் அம்மை.

கொற்றன் அதை எடுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தான். அவன் தொப்புளுக்குக் கீழேயே நின்றுவிட்டது. கட்டையாக வெட்டிவிட்டாளே என்று நினைத்தான். பின்னாலேயே வந்த நல்லினி அதை வாங்கித் தரையில் ஊன்றினாள். அவள் தொப்புளுக்குச் சரியாக நின்றது. ஒரு விரல் கூடுதல் இல்லை, குறைவும் இல்லை.

மணல்மேட்டில் அந்த அம்மை யார் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்பது அப்போதுதான் கொற்றனுக்குப் புரிந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெருமையாகவும் இருந்தது.

மறுநாள் விடியலில் இருவரும் கடற்கரையில் நின்றார்கள். "முழங்காலைத் தளர்த்து, தோளை இறக்கு" என்று கொற்றன் தொடங்கினான். பிறகு கோலின் நுனியைப் பிடித்து இழுத்தான். நல்லினி வழுகவிட்டுப் பிடித்தாள். கொற்றன் மணலில் மல்லாந்து கிடந்தான்.

"துள்ளுது" என்றான் படுத்தபடியே.

அடுத்த ஆண்டு முதல் அந்தச் சாத்துக்கு முன்னால் இரண்டு பேர் இரண்டு கோலோடு நடந்தார்கள். வண்டிக்கடியில் புதிதாக ஒரு சேம அச்சும் இருந்தது. அந்த விஷயத்தில் மட்டும் நல்லினி விட்டுக்கொடுக்கவில்லை.

கேட்டவர்களே, இதுதான் நீதி: இழுக்கிறவனோடு இழுபறிக்கு நிற்காமல், மூச்சை விட்டுப் பிடியைத் தளர்த்தத் தெரிந்தவரே தம் உடம்பையும் காப்பார், உடைமையையும் காப்பார்.